பதினைந்து நாள்

பத்து மாத்திரை அட்டையைக் குறுக்கே வெட்டினால்
மருந்தின் பெயர் ஒருவருக்குப் போகும்,
காலாவதித் தேதி இன்னொருவருக்கு.
கத்தரிக்கோல் அரசு கொடுத்ததில்லை.
பழைய வண்ணாரப்பேட்டையில்
நான் வாங்கியது, அறுபது ரூபாய்.

போன வருஷம் வரை முப்பது நாளுக்குக் கொடுத்தோம்.
இப்போது பதினைந்து.
உத்தரவு காகிதத்தில் வரவில்லை,
போனில் வந்தது:
"பார்த்துக் கொடுங்க, மேடம்."
பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறந்ததும்
ஒரே கூட்டமாக வருகிறார்கள்,
மஞ்சள் பையும்
மடித்து மடித்து நைந்த சீட்டுமாக.
"இன்னாம்மா, பாதிதான் கீது?"
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இருசப்பன்
கேட்பதோடு சரி.
சண்டையை எல்லோருக்கும் சேர்த்து
ஹயாத்பீ போடுவார்.
போக வர ஷேர் ஆட்டோ நாற்பது ரூபாய்;
அதை இரண்டால் பெருக்கி
ஜன்னல் கம்பியில் தட்டிச் சொல்வார்:
"உங்க மிச்சம், எங்க செலவு."

மண்டல அலுவலகக் கூட்டத்தில் இதைச் சொன்னேன்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
திரையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது.
முன்பெல்லாம் கோபுரமாக இருந்த ஜனத்தொகை
இப்போது குடமாகிவிட்டதாம்,
வயிறு வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறுகிறதாம்.
"நம்ம சாதனைதான் இது" என்றார்
அதிகாரி ஞானசிகாமணி.
சொட்டு மருந்து, பிரசவம், காசநோய்,
லேசில் யாரையும் சாகவிடவில்லை நாம்.
சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.
ஒதுக்கீடு: போன வருஷத்தின் அதே எண்.
சாகாமல் இருப்பதற்குக்
கணக்குத் தலைப்பு ஏதும் இல்லை.

அவர்மேல் கோபம் வரவில்லை எனக்கு.
டீ நேரத்தில் சட்டைப் பையிலிருந்து எடுத்து
ஒரு வெள்ளை மாத்திரை விழுங்கினார்.
அட்டையைப் பார்த்தேன்,
தொழில் பழக்கம்.
வெளியில் வாங்கியது. வெட்டாதது.

எங்கள் நிலையத்தில் பிரசவ அறை உண்டு,
இரண்டு கட்டில், ஒரு தொட்டில்.
ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது,
ஒரு கட்டிலில் இன்னும் விரிப்பு கசங்கவில்லை.
பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டிகள் வந்தபோது
கிடங்கில் இடமில்லை, தொட்டிலில் அடுக்கினோம்.
நர்ஸ் மரகதவல்லி தினமும் அவற்றைத்
தூக்கித் தரையில் வைக்கிறார்.
"யாராவது வந்துட்டா?"

வீடு வீடாகப் போய்ப் படுக்கைப்புண்ணுக்குக்
கட்டுப் போடுபவள் எஸ்தர்.
அவளுக்குத் தருவது சம்பளம் இல்லையாம்,
ஊக்கத்தொகையாம்.
மூன்று மாதமாகத் தொகை வரவில்லை,
மீதியை வைத்துக்கொண்டு போய்வருகிறாள்.
"நின்னுட்டா புழு வெச்சிரும்க்கா"
என்று சொல்லிக்கொண்டே
பஞ்சை எண்ணிப் பைக்குள் போடுகிறாள்.

நேற்று இருசப்பன் சீட்டு இல்லாமல் வந்தார்.
ஜன்னலுக்குள் ஒரு பையைத் தள்ளினார்.
அவர் மனைவி பேருக்குப்
போன வாரம் நான் கொடுத்தவை.
"நாலு நாள்தான் சாப்ட்டா.
வீணாப் பூடக் கூடாது, பாரு."
எண்ணினேன்.
ஓர் அட்டையில் ஆறு,
அரை அட்டையில் ஐந்து.

திரும்பி வரும் மருந்தை வாங்கக் கூடாது,
வாங்கினால் அழிக்க வேண்டும்.
இருப்புப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
அரை அட்டையில் தேதியும் இல்லை,
அது வேறு யார் வீட்டிலோ இருக்கிறது.

அவருக்குப் பின்னால் ஹயாத்பீ.
அதே மாத்திரை.
முதல் முறையாக எதுவும் பேசாமல்
என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
கேட் மூடும் மணி அடித்தது.
வரிசையில் யாரும் நகரவில்லை.